அக்கவுண்டபிலிட்டி: பொறுப்பா, பொறுப்புக்கூறலா?

காவல்துறையைப் பற்றிய கட்டுரைகளிலும் தீர்ப்புகளிலும் ‘போலீஸ் அக்கவுண்டபிலிட்டி’ என்ற தொடர் அடிக்கடி வருகிறது. தமிழில் எழுதும்போது இதைப் பெரும்பாலும் ‘காவல்துறையின் பொறுப்பு’ என்று முடித்துவிடுகிறோம். பொறுப்பு நல்ல சொல்தான். ஆனால் அதற்குள் ஓர் ஆள்தான் இருக்கிறார். தக்கலை காவல் நிலையத்தின் பொறுப்பு அங்குள்ள இன்ஸ்பெக்டரிடம் இருக்கிறது என்றால், நிலைய வேலை அவர் கையில் இருக்கிறது என்று பொருள். அந்த வேலையை அவர் எப்படிச் செய்தார் என்று கேட்கும் உரிமை யாருக்கு உண்டு, கேட்டால் அவர் யாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதை அந்தச் சொல் தொடுவதில்லை. அக்கவுண்டபிலிட்டியில் இரண்டு பேர் உண்டு: சொல்லியே தீர வேண்டியவர் ஒருவர், கேட்கிறவர் இன்னொருவர். இந்த இரண்டாவது ஆளைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது?

சொல்லின் வேர் கணக்கில் இருக்கிறது. லத்தீனில் ‘கொம்புத்தாரே’ என்றால் கூட்டி எண்ணுதல். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘அக்கவுண்ட்’ ஆயிற்று. சொத்தைப் பார்த்துக்கொள்ளும் காரியஸ்தன், சொத்துக்காரர் முன்னால் வரவு செலவைச் சொல்லி ஒப்புவிக்க வேண்டும். அந்தக் கடமைதான் பிற்பாடு ஆட்சிக்கும் அதிகாரத்துக்கும் விரிந்தது.

தமிழும் இதே வழியில்தான் யோசித்திருக்கிறது. ‘கேள்வி கணக்கு இல்லாமல் நடக்கிறான்’ என்று நம் ஊரில் சொல்வது அக்கவுண்டபிலிட்டி இல்லாத நிலையைத்தான். கேள்வி ஒருவருடையது, கணக்கு மற்றவருடையது. ‘கேட்பார் இல்லை’, ‘கேட்க நாதியில்லை’ என்பவையும் அதே குறையைத்தான் சொல்கின்றன. தமிழ் விவிலியத்தில் ‘கணக்கொப்புவித்தல்’ என்ற சொல் உண்டு. கண்காணிப்புக்குக் கொடுத்ததை வீணாக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட உக்கிராணக்காரனிடம் (காரியஸ்தனிடம்) எஜமான் கேட்பதும், நியாயத்தீர்ப்பு நாளில் மனிதன் செய்ய வேண்டியதும் அதுதான். குமரி மாவட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய் வளர்ந்த யாருக்கும் இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. அருமையான சொல். என்றாலும் இன்றைக்கு இறைவன் முன்னிலையில் நிற்பதையே அது நினைவூட்டுகிறது. மனுவிலும் சட்டத்திலும் எழுதக் கொஞ்சம் கனமாக இருக்கிறது.

பழைய கச்சேரித் தமிழில், அதாவது அரசு அலுவலகத் தமிழில், ‘ஜவாப்தாரி’ என்று ஒரு சொல் ஓடியது. ஜவாப் என்றால் பதில். பதில் சொல்ல வேண்டியவர் ஜவாப்தாரி. ‘உத்தரவாதம்’ என்ற வடசொல்லும் அதே பொருளில் பிறந்ததுதான். உத்தரம் என்றால் மறுமொழி, வாதம் என்றால் சொல்லுதல். எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டி மலையாளத்துக்குள் போனால் ‘உத்தரவாதித்தம்’ இன்றும் பதில்சொல் கடமையைக் குறிக்கிறது. நாம் அதை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டோம். மிக்சிக்கு இரண்டு வருட உத்தரவாதம் என்கிறோம், வேலைக்கு உத்தரவாதம் கேட்கிறோம். ‘காவல்துறையின் உத்தரவாதம்’ என்று எழுதினால், போலீஸ் ஏதோ வாக்குக் கொடுத்திருக்கிறது என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார்.

சரி, சொல்லை விட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். காவல் என்ற தமிழ்ச் சொல்லுக்குள் பதில் சொல்லும் கடமை ஒரு காலத்தில் உறைந்திருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்ற வரி வருகிறது. ஊர்க் காவலுக்காக ஊர் கொடுத்தது அது. பிற்காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் திசைகாவல், தலக்காவல் என்ற முறைகள் இருந்தன. காவல்காரருக்கு ஊர் கூலி கொடுக்கும். களவு போனால் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் அதன் மதிப்பைக் காவல்காரரே ஈடுகட்ட வேண்டும். காவலின் தரத்தை அளக்க அன்றைக்கு இருந்த அளவுகோல் அவ்வளவுதான்: மாடு திரும்பி வந்ததா இல்லையா. இதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. காவல்காரர்களே ஆடுமாட்டை ஓட்டிக்கொண்டு போய், ‘துப்புக்கூலி’ வாங்கிக்கொண்டு திருப்பித் தந்த கொடுமையும் அதே முறைக்குள் நடந்தது. காவல் கூலி மிரட்டல் பணமாகவும் ஆயிற்று. ஆனாலும் யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதில் குழப்பம் இருக்கவில்லை.

பாளையக்காரர்களை அடக்கிய பிறகு கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அந்தக் காவலைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 1855இல் சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம், வரி வசூலிக்கும் கீழ்நிலை அதிகாரிகளே காவல் அதிகாரத்தையும் வைத்துக்கொண்டு குடிகளை வதைத்ததைப் பதிவு செய்தது. வருவாய்த் துறையிலிருந்து பிரித்துத் தனிக் காவல்துறை அமைக்க 1859இல் சட்டம் வந்தது. மக்கள் பட்ட அடியிலிருந்து பிறந்த சட்டம் என்றாலும், அது அமைத்த ஏணியில் பதில் எல்லாம் மேல்நோக்கியே போயிற்று: ஏட்டு இன்ஸ்பெக்டருக்கு, இன்ஸ்பெக்டர் சூப்பரின்டெண்டுக்கு, அவர் தலைமைக்கு. கீழே இருந்த ஊர் அந்த ஏணியில் எங்கேயும் இல்லை. ‘போலீஸ்’ என்ற சொல்லே கிரேக்கத்தில் நகரத்தைக் குறிக்கும் ‘பொலிஸ்’ என்ற வேரிலிருந்து வந்தது என்பதை நினைத்தால் இது வருத்தமாகத்தான் இருக்கிறது.

அன்றைய திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நம் குமரிப் பகுதிக்கு இந்தக் கேள்வி வேறொரு வடிவில் வந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய போராட்டத்தின்போது மார்த்தாண்டம், புதுக்கடைப் பகுதிகளில் போலீஸ் சுட்டது. பலர் இறந்தார்கள். அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் ஆட்சி. முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளை. அந்தக் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, தன் கட்சி ஆட்சியே பதவி விலக வேண்டும் என்று கேட்டார். கட்சி அதை ஏற்கவில்லை. அந்தக் கருத்து வேறுபாடு பிறகு கட்சி பிளந்ததற்கு ஒரு காரணமாகவும் ஆனது. குமரிப் போராட்டத்தைப் பற்றிப் பேசும்போது நாம் 1956 நவம்பர் 1 இணைப்பைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். போலீஸ் சுட்டால் அதற்கு ஆட்சி யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வி இந்திய அரசியலில் இவ்வளவு கூர்மையாக எழுந்ததும் நம் மண்ணை வைத்துத்தான். பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1982இல் மண்டைக்காட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. ஆணையம் ஒரு நிகழ்வை விசாரித்து அறிக்கை கொடுத்துவிட்டுக் கலைந்துவிடும். அன்றாடம் கேட்கும் வாய் அதற்குக் கிடையாது.

அப்படி ஒரு நிரந்தர வாயை உண்டாக்கத்தான் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் உத்தரவிட்டது. வழக்குத் தொடுத்தவரே காவல்துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழு கட்டளைகளில் ஒன்று: மாநிலத்திலும் மாவட்டத்திலும் காவல் புகார் ஆணையம் வேண்டும். மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைமை தாங்க வேண்டும், டி.எஸ்.பி. வரையிலான அதிகாரிகள் மீதான புகாரை அது கேட்க வேண்டும்.

இங்கேதான் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறாகின்றன. கேரளத்தின் 2011 காவல் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி, கலெக்டரும் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். தமிழ்நாட்டின் 2013 காவல் சீர்திருத்தச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டர் தலைவர், எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். மாநில அளவிலும் உள்துறைச் செயலாளர் தலைவர், காவல்துறையின் மேலதிகாரிகள் உறுப்பினர்கள். கேரளப் பக்கத்துப் பாறசாலைக்காரர் தன் ஊர் எஸ்.ஐ. மீது புகார் கொடுத்தால் ஒரு நீதிபதி கேட்பார். நம் பக்கத்துக் களியக்காவிளைக்காரர் கொடுத்தால், அந்த எஸ்.ஐ.யின் மேலதிகாரியே கேட்கும் குழுவில் உட்கார்ந்திருப்பார். கலெக்டரும் எஸ்.பி.யும் நேர்மையாக நடக்க மாட்டார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. பதில் சொல்ல வேண்டியவரே கேட்பவராகவும் இருந்தால், அந்தச் சொல்லுக்கு வேண்டிய இரண்டாவது ஆள் காணாமல் போய்விடுகிறார் என்பதுதான் என் ஆதங்கம். கேரள முறையிலும் எஸ்.பி. உட்கார்ந்திருக்கிறார், ஆனால் நடுவில் நீதிபதி இருக்கிறார். இந்த ஒரு திருத்தத்துக்காகவாவது நம் எம்.எல்.ஏ.க்கள் சட்டமன்றத்தில் பேச வேண்டும்.

அப்புறம், சாத்தான்குளம். தூத்துக்குடி மாவட்டத்தில் 2020 ஜூனில் ஒரு தந்தையும் மகனும் காவலில் வதைக்கப்பட்டு இறந்தார்கள். உயர் நீதிமன்றம் அனுப்பிய மாஜிஸ்திரேட் நிலையத்துக்குப் போய்ப் பார்த்தபோது, கேமராப் பதிவுகள் தினமும் தானாக அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்தன. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் காட்சியும் பதியும் கேமராக்கள் வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், அது முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது இருக்க வேண்டும் என்றது. இதை மேற்பார்க்க மாவட்டக் குழு. அதில் கலெக்டர், எஸ்.பி. ஆகியோரோடு நகரப் பகுதியில் மேயர், ஊரகப் பகுதியில் மாவட்ட ஊராட்சித் தலைவர். புகார் வராத நிகழ்வுகளிலும் மனித உரிமை மீறல் நடந்ததா என்று பதிவுகளைப் பார்ப்பதும் இந்தக் குழுவின் வேலை. நாம் ஓட்டுப் போட்டவர் போலீஸ் நிலையத்துக் கேமராவைப் பற்றிக் கேள்வி கேட்கலாம் என்பது பெரிய விஷயம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012இல் காவலை மேற்பார்க்கும் ஆணையரையே மக்கள் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. அவ்வளவு தூரம் நாம் போகவில்லை. ஆனால் நாகர்கோவில் மாநகராட்சிக்கு மேயர் இருக்கிறார்; இந்த வேலையை அவரிடம் நினைவூட்டலாம்.

அக்கவுண்டபிலிட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் சில சொற்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘கண்காணிப்பு’ பழைய சொல். கோயில் கல்வெட்டுகளில் ‘மாகேசுவரக் கண்காணி’ வருகிறது. இன்றைக்கு எஸ்.பி.யே ‘காவல் கண்காணிப்பாளர்’தான். ஆகவே போலீஸைக் கண்காணிப்பது என்று எழுதினால் துறைக்குள்ளே நடப்பதா வெளியிலிருந்து நடப்பதா என்ற மயக்கம் வரும். வெளியார் செய்வதற்கு ‘மக்கள் மேற்பார்வை’ தெளிவு. நூறு நாள் வேலையில் பழகிய ‘சமூகத் தணிக்கை’யும் நல்ல சொல். கேரளப் போலீஸின் ‘ஜனமைத்ரி’, தமிழ்நாட்டின் ‘காவல் நண்பர்கள்’ போன்ற போலீஸ்–மக்கள் திட்டங்களின் பெயர்கள் நட்பைச் சொல்பவை. நட்பு வேண்டியதுதான், ஆனால் நட்பில் கேள்வி கேட்கும் உரிமை கிடையாது. காவல் நண்பர்கள் அமைப்புக்கு 2020இல் சாத்தான்குளத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் தடை வந்ததை மறக்கக் கூடாது.

எனவே அக்கவுண்டபிலிட்டிக்குச் சரியான தமிழ் ‘பொறுப்புக்கூறல்’ என்றே நினைக்கிறேன். ஈழத் தமிழர் நாளிதழ்களிலும் அரசியலிலும் பல ஆண்டுகளாகப் புழங்கிப் பதம் பெற்ற சொல். தகவல் உரிமை பற்றிய எழுத்துகளில் வரும் ‘பொறுப்புடைமை’ மறுபடி ஒற்றை ஆளிடமே நின்றுவிடுகிறது. ‘கூறல்’ சேர்ந்தவுடன் யாருக்கு என்ற கேள்வி தானாக எழுகிறது. பேச்சில் ‘பதில் சொல்லும் கடமை’ போதும்.

எழுதும்போது நான்காம் வேற்றுமையை விட்டுவிடக் கூடாது. ‘காவல்துறை பொறுப்புக்கூற வேண்டும்’ என்பது அரை வாக்கியம். ‘காவல்துறை மக்களுக்குப் பொறுப்புக்கூற வேண்டும்’ என்பதே முழு வாக்கியம். மனுவில் இன்னும் குறிப்பாக எழுதலாம்: ‘இந்தத் தேதியில், இந்த நேரத்தில் நிலையத்தில் என்ன நடந்தது என்பதற்கு நிலைய அதிகாரி எனக்குப் பொறுப்புக்கூறும் கடமை உடையவர், அந்த நேரத்துக் கேமராப் பதிவை வரவழைத்துப் பாதுகாக்கக் கோருகிறேன்.’ காவலில் பலத்த காயமோ மரணமோ நேர்ந்திருந்தால், மாநில மனித உரிமை ஆணையமோ மாவட்ட மனித உரிமை நீதிமன்றமோ அந்தப் பதிவை உடனே வரவழைக்கலாம் என்று 2020 தீர்ப்பே சொல்கிறது. பதிவுக்கு ஆயுள் குறைவு என்பதால் மனுவைத் தள்ளிப் போடாமல் கொடுத்து, தேதி போட்ட ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும்.