மஞ்சளித்த புற்றரைக்கு யூரியா மருந்தல்ல

ஆவணி வெயிலில் புற்றரைக்கு யூரியா வீசாதீர்கள். விவசாயப் போதனாசிரியராக இதை வயலிலும் கூட்டங்களிலும் வீட்டு வாசல்களிலும் சொல்லிக் களைத்துவிட்டேன். ஆனாலும் சோளகம் வீசத் தொடங்கினால் தொலைபேசியும் அடிக்கத் தொடங்கிவிடுகிறது. "சேர், புல் மஞ்சளாகிறது, எவ்வளவு யூரியா போட?" போடலாமா என்று ஒருவரும் கேட்பதில்லை. எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள்.

அண்மையில் கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போக நேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து தமையன் குடும்பம் விடுமுறைக்கு வருகிறது என்று நான்கு பேர்ச் முற்றத்துக்குப் புல் வாங்கிப் பதித்திருந்தார்கள். அது திட்டுத் திட்டாகப் பழுத்ததும், நெல்லுக்கு வாங்கி மிஞ்சிய யூரியாவில் கால் பையை மத்தியான வெயிலில் வீசிவிட்டு, மேலால் கொஞ்சம் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். நான் போனபோது முற்றம் முழுவதும் வைக்கோல் நிறம். ஓரத்தில் பிடித்துத் தூக்கினேன். பாயைச் சுருட்டுவதுபோல் கழன்று வந்தது. வேர் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. கீழே வளவை உயர்த்தக் கொட்டிய கிரவலும், வீடு கட்டியபோது விழுந்த சீமெந்துக் கட்டிகளும் இறுகிக் கிடந்தன. வேர்விட இடமில்லாமல் தவித்த புல்லை யூரியா ஒரேயடியாக முடித்துவிட்டது.

மஞ்சள் என்றால் பசி, பசி என்றால் யூரியா என்ற நம்பிக்கை நமக்கு நெல்லிலிருந்து வந்தது. வயலில் பயிர் வெளிறினால் யூரியா போடுகிறோம், சில நாளில் கரும்பச்சையாகிறது. அங்கே தண்ணீர் இருக்கிறது, பயிரும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கோடையில் உங்கள் முற்றத்தில் இரண்டும் இல்லை. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். ஈரமில்லாத மண்ணில் அதை அள்ளிக் கொட்டினால் வேரைச் சுற்றி உப்புச் செறிவு ஏறி, வேரிலிருக்கும் நீரையும் வெளியே இழுத்துவிடும். மிச்சத்தில் ஒரு பங்கு அமோனியாவாகக் காற்றில் போய்விடும். நன்றாக வளரும் புற்றரைக்கே ஒரு தடவைக்குச் சதுர மீற்றருக்கு 10 கிராம் போதும். நான்கு பேர்ச் என்பது ஏறத்தாழ 100 சதுர மீற்றர். ஒரு கிலோவோடு கதை முடிந்தது. 50 கிலோப் பையில் கால் பங்கு என்றால் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது ஒரு பை யூரியாவுக்கு நாம் எப்படி அலைந்தோம் என்பதை அதற்குள் மறந்துவிட்டோமா?

வேர் எடுக்காத நைதரசன் மண்ணோடு நின்றுவிடுவதும் இல்லை. மழை வந்ததும் நைத்திரேற்றாகக் கீழே இறங்கும். புற்றரைக்குப் பக்கத்தில்தான் உங்கள் குடிநீர்க் கிணறு இருக்கிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. புட்டிப்பால் குடிக்கும் குழந்தை இருக்கும் வீட்டில் இது விளையாட்டல்ல.

முதலில் புல் செத்துவிட்டதா, உறங்குகிறதா என்று பாருங்கள். ஒரு பிடி புல்லைப் பிடித்து இழுங்கள். விடாப்பிடியாக நின்றால் உயிர் இருக்கிறது. ஓடுதண்டை நகத்தால் கீறுங்கள். உள்ளே வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ ஈரம் தெரிந்தால் மழைக்குத் தளிர்க்கும். சருகாக உடைந்தால் அந்த இடத்தில் மட்டும் புதிதாக நட வேண்டும். அறுகு கோடையில் பழுப்பாவது அதன் தற்காப்பு. அதற்கு நோய் என்று பெயர் வைக்காதீர்கள். இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறை. சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணில் இதைக் காணலாம். அதற்கும் யூரியா உதவாது.

அடுத்தது மண். நம் பக்கத்துச் செங்கபில மண் காய்ந்தால் கல், நனைந்தால் களி. ஒரு நீண்ட திருப்புளியை மண்ணில் குத்திப் பாருங்கள். கை நீளத்துக்கு வேண்டாம், ஒரு சாண் இறங்கினாலே சந்தோஷம். இறங்காவிட்டால் அங்கே எந்தப் புல்லும் நிலைக்காது. புரட்டாசி முடிவில் நன்றாக நனைத்து, மறுநாள் இரும்புக் கம்பியால் அரையடிக்கு ஒரு துளையாகக் குத்தி, சலித்த கூட்டெருவையும் மணலையும் கலந்து தூவிக் கூட்டிவிடுங்கள். மொட்டையான திட்டுகளில் அலவாங்கு போட்டு, கல்லையும் கட்டியையும் வெளியே எடுங்கள். உக்காத மாட்டெருவைக் கொட்டாதீர்கள்; களை விதையைக் காசு கொடுத்து வாங்குவதாகிவிடும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இது போர் நடந்த வன்னி மண். கொத்தும்போது இனம் தெரியாத இரும்பு தட்டுப்பட்டால் தொடவோ, தட்டிப் பார்க்கவோ, தூக்கி எறியவோ வேண்டாம். வேலையை நிறுத்தி, பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு, பொலிஸுக்கு அறிவியுங்கள். மண்ணுக்குள் வெடிபொருள் இருக்கலாம் என்பதால் முற்றத்தில் குப்பை எரிப்பதையும் விட்டுவிடுங்கள். எரித்த இடத்தில் புல்லும் வராது.

தண்ணீர்: தினமும் பின்னேரம் குழாயைப் பிடித்துக்கொண்டு தெளிப்பதை நிறுத்துங்கள். மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே நிற்கும். வெறும் மீன் டின் ஒன்றைப் புல்லில் வைத்து, அதில் ஓர் அங்குலம் நிறையும்வரை காலையில் விடுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை போதும். மண் குடிக்காமல் ஓடினால் அரை மணி இடைவெளி விட்டு இரண்டு தவணையாக விடுங்கள். கிணறு வற்றும் காலத்தில் அறுகுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரை அங்குலம் கொடுத்தால் உயிரைப் பிடித்துக்கொள்ளும். பூநகரி, முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருப்பவர்கள் கிணற்று நீரின் உவர்ப்பையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளை படிகிறதென்றால் அது உவர்நீர்தான், சந்தேகமே வேண்டாம்.

நடுவதற்குக் காலம் ஐப்பசியின் முதல் மழை. கார்த்திகைப் பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிட வேண்டும். வயல் வரம்பில் அறுகு இலவசமாகக் கிடக்கிறது. இரண்டு மூன்று கணுவுள்ள துண்டுகளாக வெட்டி, அரை அடி இடைவெளியில், ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். கோரைக் கிழங்கு ஒட்டிவருகிறதா என்று மண்ணை உதறிப் பாருங்கள். பிறகு பிடுங்கிப் பிடுங்கி அழ வேண்டாம். நட்ட புல் ஓடத் தொடங்கிய பிறகு, ஈர மண்ணில், மேலே சொன்ன அளவில் யூரியா போடுங்கள். அப்போது நானே போடச் சொல்வேன். வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

மாமரத்தடியிலும் வேம்பு நிழலிலும் மட்டும் அறுகை வற்புறுத்த வேண்டாம். வெயில் இல்லாமல் அது அடர்ந்து வராது. அந்த இடத்தை மணல் முற்றமாகவே கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சும் தண்ணீரை வெயில் படும் பக்கத்துக்குக் கொடுங்கள்.