ஒலிச்சூழலா, பின்னணி இசையா?

பழைய நாடகங்களைப் பெண்களின் பக்கம் நின்று மேடையேற்றுவது பற்றி வன்னியில் எழுதப்படும் குறிப்புகளில் 'சவுண்ட்ஸ்கேப்' என்ற சொல் வந்தால், உடனே 'பின்னணி இசை' என்று போட்டுவிடுகிறார்கள். பிழையான சொல்.

பிறப்பு சுருக்கமானது. டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன, நிலக்காட்சி என்று பொருள்படும் லேண்ட்ஸ்கேப்பின் வாலை ஒலியோடு (சவுண்ட்) ஒட்டிய சொல் இது. கனடிய இசையமைப்பாளர் மரே ஷேஃபர் 1970களில் பரப்பினார். ஓரிடத்தில் காதுக்கு எட்டும் அத்தனையும் இதில் அடக்கம்: பேச்சு, காற்று, மணியோசை, மௌனம்கூட.

இசை அதில் ஒரு பங்குதான். 'பின்னணி' அதைவிட மோசம். நோர்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' (1879) வசனத்தில் முடிவதில்லை. நாயகி நோரா கணவனையும் வீட்டையும் விட்டு வெளியேறியபின் கீழே கதவு சாத்தும் ஓசையில் முடிகிறது. 1880இல் ஜெர்மன் மேடைக்காக இப்சனே மனமில்லாமல் முடிவை மாற்றினார். நோரா வீட்டிலேயே தங்கினாள், கதவோசையும் போயிற்று. நாடகத்தையே தாங்கி நிற்கும் ஓசையைப் பின்னணி என்பது என்ன நியாயம்?

முல்லைத்தீவில் கோவலன் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விளங்காததல்ல. சிலப்பதிகாரத்தில் கோவலன் பிரிந்திருக்கும்போது கண்ணகியின் காலில் சிலம்பில்லை. அங்கே மாதவியின் யாழ், இங்கே ஓசையற்ற வீடு. பிறகு அந்தச் சிலம்புதான் அரசவையில் உடைகிறது. கண்ணகியின் கதையாக இதை மேடையேற்றுபவர் அந்த ஓசையின்மையையும் சேர்த்தே அமைக்க வேண்டும். அதை எப்படி இசை என்பது?

சரி, 'ஒலியமைப்பு' என்கிறார்கள் சிலர். அது கோயில் திருவிழா நோட்டீசிலேயே ஒலிபெருக்கிக்காரருக்குப் போய்விட்டது. 'ஒலிநிலக்காட்சி' காதுக்குரியதைக் கண்ணிடம் கொடுத்துவிடுகிறது.

ஒலிச்சூழல் போதும். சூழ்ந்திருப்பது சூழல், பார்ப்பவரும் அதற்குள்தான் இருக்கிறார். சுற்றாடல் பாடத்துச் சொல் போல இருக்கிறதாம். இருக்கட்டும், பொருள் சரியாக இருக்கிறதே. ஒத்திகைப் பக்கம் போகாமல் அகராதியை மட்டும் புரட்டி மொழிபெயர்த்தால் இப்படித்தான் ஆகும்.

இதனால் ஆட்களும் விடுபட்டுப் போகிறார்கள். நாடகப் பிரசுரத்தில் 'பின்னணி இசை' என்ற வரியில் கீபோர்ட் வாசித்தவரின் பெயர் மட்டும் வரும். திரைக்குப் பின்னால் நின்று ஒப்பாரி வைத்த பெண்ணின் பெயர் வராது. 'ஒலிச்சூழல்' என்று அச்சிட்டால் அவளுடைய பெயரையும் போட்டேயாக வேண்டும்.