மானாவாரி நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு: பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

ராமநாதபுரம் பக்கம் புரட்டாசியில் புழுதியில் விதைப்பார்கள். முதல் மழைக்கு முளைத்துவிடும். அப்புறம் மூன்று வாரம் மழை இல்லையென்றால் மண்ணில் ஈரம் போய், பால் பிடிக்காமலே பயிர் சருகாகும். மழை தவறுவது வழக்கமாகிவிட்ட இந்த மண்ணில் காப்பீடு தேவைதான். 2016-இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தப் பருவத்துச் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். மீதியை அரசுகள் கட்டுகின்றன.

வறட்சிக்கு உங்கள் வயலை யாரும் தனியாக வந்து பார்ப்பதில்லை. அறிவிக்கப்பட்ட கிராமத்தில் குறைந்தது 4 இடங்களில் அறுத்து எடை போடுவார்கள். பெரும்பாலும் அந்தச் சராசரிதான் கணக்கு. உத்தரவாத மகசூல், அதாவது இவ்வளவாவது விளைய வேண்டும் என்று திட்டம் வைத்திருக்கும் அளவு, 1,000 கிலோ, ஊர்ச் சராசரி 900 கிலோ என்றால் காப்பீட்டுத் தொகையில் 10 சதவீதம்தான் கிடைக்கும். உங்கள் வயலில் ஒரு மணிகூட விளையாவிட்டாலும் அதே 10தான். அதனால் அறுவடைப் பரிசோதனை எந்த சர்வே எண்ணில், என்றைக்கு என்று முன்கூட்டியே கேட்டு, நான்கு பேராகப் போய் நில்லுங்கள். ஆள் இல்லாத இடத்தில் எடை எப்படி எழுதப்படும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

உத்தரவாத மகசூலிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கடந்த 7 ஆண்டுகளில் மோசமான 2 ஆண்டுகளை விட்டுவிட்டு சராசரி எடுப்பார்கள். 4 ஆண்டு வறட்சி என்றால்? மீதி 2 வறண்ட ஆண்டும் கணக்கில் ஏறி சராசரியை இறக்கிவிடும். அடிக்கடி காய்கிற ஊருக்குத்தான் குறைவாகக் கிடைக்கும். இதை எழுதியவர்கள் ஒரு தடவை கோடையில் இங்கே வந்து பார்த்திருக்கலாம்.

72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்ற விதி ஆலங்கட்டி மழை போன்ற தனி வயல் சேதங்களுக்கு, வறட்சிக்கு அல்ல. காய்ந்த வயலைப் படம் பிடித்துக்கொண்டு அலையாதீர்கள். அரசு வறட்சி அறிவித்தாலும் அது நிவாரணக் கணக்கு, காப்பீட்டுப் பணம் தானாக வராது.

அலைச்சல் பெரும்பாலும் அடங்கலில்தான், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று விஏஓ எழுதித் தரும் கணக்கில். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் ஒழுங்காகப் பணம் கட்டினார். அடங்கலில் சர்வே எண்ணின் உட்பிரிவு ஒன்று மாறிப்போனதால் ஊரே பணம் வாங்கியபோது அவருக்கு மட்டும் வரவில்லை. விஏஓ 'நாங்கள் சரியாகத்தான் கொடுத்தோம்' என்றார், வங்கி 'பணம் கட்டிய பொதுச் சேவை மையத்தில் கேளுங்கள்' என்றது, மையம் மறுபடி விஏஓவிடமே அனுப்பியது. நடப்புப் பசலி (வருவாய்த் துறை ஆண்டு) அடங்கலை வாங்கியதும் அங்கேயே நின்று உட்பிரிவு, பரப்பு, பயிர் மூன்றையும் பட்டாவோடு ஒப்பிட்டுவிடுங்கள். பொதுச் சேவை மையம் தரும் ரசீதிலும் அதேதான்.

வங்கிக் கடன் வாங்கியவர்கள், 'பிடித்தம் செய்துவிட்டோம்' என்ற பேச்சை நம்பி விட்டுவிட வேண்டாம். எந்தப் பயிருக்கு, எந்தக் கிராமத்துக்குப் பிடித்தார்கள் என்று கேட்டு ரசீது வாங்குங்கள். 2020 முதல் கடன் வாங்கியவர்களுக்கும் இந்தக் காப்பீடு கட்டாயமில்லை. வேண்டாமென்றால் கடைசித் தேதிக்கு 7 நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும்.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் போகாதீர்கள், சர்வர் அன்றைக்குத்தான் படுக்கும். பதில் சொல்ல ஆளில்லை என்றால் 14447-க்கு அழைத்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.