வெள்ளைச் சுவர் எப்படிக் கறுப்பாகிறது?

"வீட்டில் கறுப்புப் பின்னணியோடு என்னை நானே படம் எடுத்துப் பார்க்கிறேன். சுவர் சாம்பலாகத்தான் விழுகிறது. கறுப்புத் துணி வாங்கியே ஆக வேண்டுமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். துணி இருந்தால் வேலை சுலபம். ஆனால் வாங்குவதற்கு முன் விளக்கை நகர்த்திப் பாருங்கள்.

விளக்கிலிருந்து தள்ளிப் போகப் போக வெளிச்சம் மங்கும் என்பது தெரிந்ததே. எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஓர் அட்டையில் பக்கத்துக்கு 2 செ.மீ. வருமாறு சதுரத் துளை வெட்டுங்கள். இருட்டறையில், கைபேசி டார்ச்சிலிருந்து 10 செ.மீ. தள்ளி அட்டையையும் 20 செ.மீ. தள்ளி ஒரு வெள்ளைத் தாளையும் பிடியுங்கள். தாளில் விழும் ஒளிக்கட்டம் பக்கத்துக்கு 4 செ.மீ. இருக்கும். தாளை 40 செ.மீ.க்குக் கொண்டுபோனால் அது 8 செ.மீ. ஆகிவிடும். துளைக்குள் நுழைந்த ஒளி கூடவில்லை. 4 சதுர செ.மீ.க்குள் இருந்த அதே ஒளி 64 சதுர செ.மீ.க்குப் பரவியாக வேண்டும். தூரம் 4 மடங்கு, வெளிச்சம் 16-ல் ஒரு பங்கு. 1604-லேயே வானியலாளர் கெப்ளர் எழுதிவைத்த விதி இது. தாளில் கட்டம் விரிந்து வெளிறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்கவே மறக்காது. பள்ளிப் பாடம் சூத்திரத்தில் தொடங்காமல் இந்த அட்டையில் தொடங்க வேண்டும் என்பேன்.

இப்போது படத்துக்கு வருவோம். சுவருக்கு 1.5 மீட்டர் முன்னால் உட்காருகிறீர்கள். விளக்கு உங்களிடமிருந்து 2 மீட்டரில் இருந்தால் சுவருக்கு அது 3.5 மீட்டர். முகத்தில் விழும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு சுவருக்கும் போய்விடும். அதே விளக்கை முகத்துக்கு அரை மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். சுவர் அதிலிருந்து 2 மீட்டர். கிடைப்பது 16-ல் ஒரு பங்கு. முகம் பளிச்சென்று ஆனதால் கேமரா மொத்த ஒளியையும் குறைக்கும், சுவரும் கூடவே இருட்டுக்குள் இறங்கும். வெள்ளைச் சுவர் சருமத்தைவிட அதிக ஒளியைத் திருப்பி அனுப்புவதால் இன்னும் கொஞ்சம் சாம்பல் மிஞ்சலாம். விளக்கோடு நீங்களும் ஒரு மீட்டர் முன்னால் வந்தால் 36-ல் ஒரு பங்காகிவிடும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, சுவர்ப் பக்கம் ஓர் அட்டையால் மறைத்தால் இன்னும் நல்லது.

பெரிய ஜன்னலருகே இந்தக் கணக்கு அப்படியே பலிக்காது. ஜன்னலின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனி விளக்குபோல ஒளி தருவதால் வெளிச்சம் மெதுவாகத்தான் குறையும். சின்ன வெள்ளை அறையிலும் எல்லாச் சுவர்களும் ஒளியைத் திருப்பியடித்துக் காரியத்தைக் கெடுக்கும்.

ஃபிளாஷ் வேண்டாம். அது கேமராவோடு தொலைவில் நிற்பதால் முகத்தையும் சுவரையும் ஏறக்குறைய ஒன்றாகவே வெளுக்க வைக்கும். இருட்டில் எடுத்த படங்களில் மிதக்கும் வெள்ளை வட்டங்களை ஆவி என்று பரப்புகிறார்களே, அதுவும் இதே விதியின் வேலைதான். ஃபிளாஷுக்கு 5 செ.மீ. முன்னால் பறக்கும் தூசி, 2 மீட்டரில் இருக்கும் முகத்தைவிட 40 மடங்கு நெருக்கம். அதன்மேல் விழும் வெளிச்சமோ 1600 மடங்கு. அது குவியத்துக்கு வெளியே இருப்பதால் வட்டமாக விரிகிறது. இதைக் காட்டிக் குழந்தைகளைப் பயமுறுத்துவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இனி கைபேசி. திரையில் பெரும்பகுதி இருட்டாக இருந்தால், தானாகவே வெளிச்சத்தை ஏற்றி முகத்தை வெளிற வைத்துவிடும். நீங்கள் உட்காரப்போகும் இடத்தில் உங்கள் சரும நிறத்துக்கு நெருக்கமான ஒரு பொருளை முக உயரத்தில் வையுங்கள். திரையில் அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, பூட்டிவிட்டு, அந்த அளவைச் சற்றே கீழே இறக்குங்கள். பிறகு 10 விநாடி டைமரை வைத்துவிட்டு, பொருளை எடுத்துவிட்டு, அதே இடத்தில் போய் உட்காருங்கள்.