‘இலவச சேனல்’ அல்ல, பூட்டில்லாச் சேனல்

சாட்டிலைட் ரிசீவர் வாங்குவது பற்றித் தமிழில் எதைப் படித்தாலும், ‘ஃப்ரீ டு ஏர்’ என்பதற்கு ‘இலவச ஒளிபரப்பு’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். கையேடும் அப்படித்தான், விளம்பரமும் அப்படித்தான். படித்துப் படித்து அலுத்துவிட்டது.

சொல்லின் கதை சின்னதுதான். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்றால் முதலில் அடிமைப்படாதது, கட்டற்றது. காசில்லாதது என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ‘ஏர்’ என்பது அலை போகும் வான்வெளி. தொழில்நுட்பத்தில் இந்தத் தொடர் குறிப்பது, மறையாக்கம் செய்யாமல், அதாவது அலையைப் பூட்டாமல், அனுப்பும் ஒளிபரப்பை. பொருத்தமான டிஷ்ஷும் ரிசீவரும் இருந்தால் யாரும் பார்க்கலாம். ரிசீவரில் செருகும் அட்டை, சந்தா எதுவும் வேண்டாம்.

இலவசம் என்றால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். ‘ஃப்ரீ டு வியூ’ என்று இன்னொரு வகை இருக்கிறதே! அதற்கும் சந்தா கிடையாது, ஆனால் அலை பூட்டப்பட்டிருக்கும்; திறக்க அட்டை வேண்டும். இரண்டையும் இலவசம் என்றால் எதை எப்படிப் பிரிப்பது? பிரிட்டனில் பிபிசியின் முக்கிய சேனல்கள் 2003 வரை செயற்கைக்கோளில் பூட்டோடுதான் வந்தன. அந்த ஆண்டு பூட்டை எடுத்தார்கள். சந்தா அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. வீட்டுக்கு வீடு கட்டும் டிவி உரிமக் கட்டணம் முன்பும் உண்டு, பின்பும் உண்டு. பார்ப்பவரின் காசுக் கணக்கில் எதுவும் மாறவில்லை, மாறியது பூட்டு மட்டும். இதை ‘இலவசமாயிற்று’ என்று எழுதினால் அது மொழிபெயர்ப்பா, பொய்யா?

சிலர் ‘கட்டணமில்லா ஒளிபரப்பு’ என்கிறார்கள். வடிவம் மாறியதே தவிர, அதே கோளாறுதான். ‘திறந்தவெளி ஒளிபரப்பு’ என்பது அதைவிட மோசம். மைதானத்தில் திரை கட்டிப் படம் போடுகிறார்கள் போலிருக்கிறது. என் ஓட்டு ‘பூட்டில்லா ஒளிபரப்பு’க்கு. ரிசீவரில் குழந்தைகளுக்காகப் போடும் பூட்டோடு இது குழம்பாதா என்றால், கொஞ்சம் குழம்பும்தான். ஆனால் அந்தப் பூட்டைப் போடுவதும் எடுப்பதும் நம் கையில். இந்தப் பூட்டு அலையிலேயே வருவது.

இந்த வித்தியாசம் பெட்டியிலேயே கண்ணுக்குத் தெரியும். பல ரிசீவர்களில் சேனல் தேடியதும் வரும் பட்டியலில் சில பெயர்களின் பக்கத்தில் ‘$’ குறி நிற்கும். பூட்டிய சேனல் என்று அர்த்தம். அட்டை செருகும் துளையே இல்லாத பெட்டியில் அவை வெறும் பெயர்கள்தான். ‘இலவச சேனல் பெட்டி’ என்று நம்பி வாங்கியவர் இங்கேதான் ஏமாறுகிறார்.

பூட்டு இல்லாவிட்டாலும் படம் வராமல் போகலாம் என்பதையும் ‘இலவசம்’ மறைத்துவிடுகிறது. செயற்கைக்கோள் ஒளிபரப்பின் பழைய தரமான டிவிபி-எஸ் மட்டும் தெரிந்த பெட்டிக்கு, அதன் அடுத்த தரமான டிவிபி-எஸ்2 அலை பிடிபடாது. படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் புதியதான ஹெச்.265-இல் வரும் சேனலை, அதற்கு முந்தைய ஹெச்.264 வரை மட்டும் தெரிந்த பெட்டியில் வைத்தால், பெரும்பாலும் குரல் மட்டும் கேட்கும், திரை கறுப்பாக இருக்கும். ஆகவே பெட்டி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியவை இந்த இரண்டும். அப்புறம், செயற்கைக்கோளின் விவரம் தெரியாமலே அலைவரிசைகளைத் துழாவும் ‘பிளைண்ட் ஸ்கேன்’ இருந்தால் நல்லது.

இதே ஆட்கள் ரிசீவரைப் ‘பெறுநர்’ என்று வேறு எழுதுகிறார்கள். பெறுநர் என்பவர் கடிதத்தில் அனுப்புநருக்குக் கீழே முகவரியோடு இருப்பவர். அவருக்கு டிவியோடு இணைக்கும் ஹெச்டிஎம்ஐ துளை எல்லாம் கிடையாது. ரிசீவர் என்றே எழுதிவிட்டுப் போங்கள், எல்லாருக்கும் புரியும்.