10 பாக்கெட் எப்படி 270 ஆகிறது?

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "வால்மார்ட் மாதிரி கம்பெனிகளிடம் இல்லாத கம்ப்யூட்டரா? இருந்தும் 2021இல் சரக்கு கிடைக்கவில்லை என்றார்கள். 2022இல் சரக்கு தேங்கிவிட்டது என்று தள்ளுபடியில் தள்ளினார்கள். அவ்வளவு மோசமாகவா கணக்குப் போடுவார்கள்?"

கணக்கைச் சரியாகத்தான் போடுவார்கள். ஒவ்வொருவரும் தன் கணக்கைச் சரியாகப் போட்டாலும் மொத்தத்தில் குளறுபடி ஆகும் என்பதுதான் இதில் வேடிக்கை.

குழந்தைகளின் டயபரிலிருந்து தொடங்கலாம். கைக்குழந்தை பண்டிகை பார்த்து நனைப்பதில்லை; ஆகவே கடைகளில் டயபர் விற்பனை ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். பாம்பர்ஸ் தயாரிக்கும் அமெரிக்காவின் புராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனிக்காரர்கள் ஒருமுறை தங்கள் ஆர்டர் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். கடை விற்பனையில் லேசான அசைவுதான். டிஸ்ட்ரிபியூட்டர்களிடமிருந்து வந்த ஆர்டர்களோ ஏகத்துக்கும் ஏறி இறங்கின. ஆலை தன் மூலப்பொருளுக்குக் கொடுத்த ஆர்டர்களில் ஆட்டம் இன்னும் அதிகம். இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாவ் லீயும் அவருடைய சகாக்களும் 1997இல் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகு இந்தப் பெயர் உலகம் முழுக்கப் பரவியது.

சரி, ஒரு சங்கிலி அமைத்துப் பார்ப்போம். கடை, கடைக்குச் சரக்கு கொடுக்கும் மொத்த வியாபாரி, அவருக்குக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், கடைசியில் ஆலை. வாரத்துக்கு 100 பாக்கெட் விற்கிறது. எல்லோருக்கும் ஒரே விதி: இந்த வாரம் எவ்வளவு போனதோ, அதைப்போல் இரண்டு மடங்கு கையிருப்பு வேண்டும். அதாவது 200. கேட்ட சரக்கு கேட்டவுடன் வந்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு வாரம் 110 விற்றுவிடுகிறது. கடையில் மீதி 90. இனிமேல் 110தான் போகும் என்று கடைக்காரர் நினைத்தால் 220 கையிருப்பு வேண்டும், 130 கேட்கிறார். மொத்த வியாபாரி அந்த வாடிக்கையாளர்களைப் பார்த்ததே இல்லை. அவர் கண்ணில் படுவது 130 மட்டும். 200இல் 130 போக 70 மீதி, வேண்டியது 260. ஆகவே 190 கேட்கிறார். டிஸ்ட்ரிபியூட்டர் 190ஐ அனுப்பிவிட்டு வெறும் 10 பாக்கெட்டோடு நிற்கிறார். அவர் விதிப்படி 380 வேண்டும். ஆலைக்குப் போகும் ஆர்டர் 370.

வழக்கத்துக்கு மேலான கூடுதலை மட்டும் பாருங்கள்: 10, 30, 90, 270. படிக்குப் படி மும்மடங்கு!

அடுத்த வாரம் விற்பனை பழையபடி 100 ஆகிறது. கடையில் 120 மீதி, 200 போதும், எனவே ஆர்டர் 80. மொத்த வியாபாரியிடம் 180 இருக்கிறது, அவருக்கு 160 போதும், ஆர்டரே கிடையாது. ராத்திரி ஷிஃப்ட் போட்டு 370 தயாரித்த ஆலைக்கு இந்த வாரம் பூஜ்யம். இவர்களில் யாரும் தப்பு செய்யவில்லை. குழந்தைகளும் செய்யவில்லை.

அந்த மூன்று எங்கிருந்து வந்தது? போன சரக்கை நிரப்ப ஒரு பங்கு, கையிருப்பை உயர்த்த இரண்டு பங்கு. நான்கு வாரக் கையிருப்பு வைக்கிறவர்கள் என்றால் ஐந்து மடங்கு: 10, 50, 250, 1250. சரக்கு வரத் தாமதமாக ஆகக் கையிருப்பைக் கூட்டித்தானே வைக்க வேண்டும்? ஆக, தாமதம்தான் இங்கே பெருக்கும் எண்.

சாட்டை என்ற பெயரில் எனக்கு அரைத் திருப்திதான். நிஜச் சாட்டையில் கைப்பிடியில் கொடுத்த ஆற்றல்தான் மெலிந்துகொண்டே போகும் நுனிக்கு ஓடி, ஒலியைவிட வேகமெடுத்துச் சொடுக்குகிறது. வழியில் யாரும் எதையும் சேர்ப்பதில்லை. இங்கே படிக்கு ஒருவர் தன் பங்குக்குக் கொஞ்சம் பயத்தைச் சேர்த்து அனுப்புகிறார். வதந்தி பரவுகிற மாதிரி.

இதை முதலில் ஆராய்ந்த ஜே ஃபாரஸ்டர் ஒரு மின்பொறியாளர். போர்க்காலத்தில் ராடாரையும் பீரங்கியையும் திருப்பும் தானியங்கிக் கருவிகளில் வேலை பார்த்தவர். 1956இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பள்ளிக்கு வந்தார். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்காரர்கள் அவரிடம், கென்டக்கியில் உள்ள தங்கள் வீட்டுச்சாதன ஆலையில் ஒரு சமயம் மூன்று, நான்கு ஷிஃப்ட் ஓடுகிறது, சில வருஷங்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், ஏன் என்று கேட்டார்கள். பேப்பர், பென்சிலோடு உட்கார்ந்து கணக்குப் போட்டவர், இது ஆலையின் உள்விதிகளே கிளப்பும் ஆட்டம் என்று காட்டினார். பீரங்கிக்குச் செலவழித்த ஆராய்ச்சிப் பணம் வாஷிங் மெஷினுக்கு உதவும் என்று எந்த நிதிக் குழுவும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது. "உடனடிப் பயன் என்ன?" என்று விண்ணப்பத்தில் கட்டம் போட்டுக் கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அவர் குழு உண்டாக்கிய பீர் விளையாட்டு இன்றும் மேலாண்மை வகுப்புகளில் ஆடப்படுகிறது. நான்கு பேர், நான்கு படிகள், பேசக்கூடாது. வாடிக்கையாளர் முதல் நான்கு வாரம் வாரத்துக்கு 4 பெட்டி பீர் வாங்குவார். அப்புறம் கடைசி வரை வாரத்துக்கு 8 பெட்டி. அவ்வளவுதான். ஆனால் ஆட்டம் முடிந்ததும், "வாடிக்கையாளர் வாங்கியது எப்படி இருந்திருக்கும்? வரைந்து காட்டுங்கள்" என்றால், பெரும்பாலானவர்கள் பெரிய பெரிய அலைகளாக வரைவார்கள். இல்லாத அலைக்குச் சீசன், சந்தையின் மனநிலை என்று காரணமும் தயாராக இருக்கும். நம் ஊராக இருந்தால் சனிப்பெயர்ச்சியும் சேரும்.

இனி வால்மார்ட். 1980களின் கடைசி வரை அவர்களும் புராக்டர் அண்ட் கேம்பிளும் விலைக்காக முட்டிக்கொண்டவர்கள்தான். பிறகு நிறுவனர் சாம் வால்டன் கல்லாவில் விற்பதை புராக்டர் அண்ட் கேம்பிளுக்கு நேரடியாகக் காட்டச் சம்மதித்தார். 1987இல் வால்மார்ட்டுக்குச் சொந்தச் செயற்கைக்கோள் வலைப்பின்னல் வந்திருந்தது. 1991இல் ரீடெய்ல் லிங்க் என்ற கணினி அமைப்பு வந்தபின் மற்ற சப்ளையர்களுக்கும் அந்தக் கணக்கு திறந்தது.

இதனால் என்ன ஆகிறது? நம் சங்கிலியையே மறுபடி ஓட்டுவோம். இப்போது எல்லோருக்கும் 110 தெரியும்; எல்லோருடைய இலக்கும் 220தான். கடை 130 கேட்கிறது. 70 மீதியுள்ள மொத்த வியாபாரி 150 கேட்கிறார். 50 மீதியுள்ள டிஸ்ட்ரிபியூட்டர் 170. கூடுதல் 30, 50, 70. முன்பு பெருக்கலாக ஏறியது இப்போது கூட்டலாக ஏறுகிறது! ஆலைக்குப் போன 370, 170 ஆகிவிட்டது, ஒரே ஓர் எண்ணைப் பகிர்ந்ததால். இந்த இடம் எனக்கு எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் அலுப்பதில்லை.

வால்மார்ட்டின் வேறு இரண்டு உத்திகளும் சாட்டையை அடக்கத்தான். கிடங்கில் சரக்கை அடுக்காமல், வந்த லாரியிலிருந்து போகிற லாரிக்கு மாற்றிவிடுவது கையிருப்பு வாரங்களைக் குறைக்கிறது. திடீர்த் தள்ளுபடி கொடுக்காமல் தினமும் ஒரே குறைந்த விலையில் விற்பது, மூன்று வாரத்து டயபரை மக்கள் ஒரே நாளில் வாங்கும் செயற்கை அலையைத் தடுக்கிறது.

அப்படியானால் 2022? கொரோனாவில் வீட்டோடு இருந்த அமெரிக்கர்கள் டிவியும் மேஜை நாற்காலியும் வாங்கிக் குவித்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் வரிசை கட்டின. தாமதம் நீண்டதால் கடைகள் முன்கூட்டியே, கூடுதலாகவே ஆர்டர் போட்டன. பெருக்கும் எண் ஏறியது. 2022 தொடக்கத்தில் மக்கள் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார்கள். அந்த வசந்தத்தில் வால்மார்ட்டின் போட்டிக் கடையான டார்கெட் கம்பெனியின் கையிருப்பு முந்தைய ஆண்டைவிட 43% அதிகம். வால்மார்ட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஜூனில் டார்கெட் விலையைக் குறைத்தது, ஆர்டர்களை ரத்து செய்தது. சோபா விற்பனை விழுந்தது கல்லாவில் அன்றன்றைக்கே தெரிந்திருக்கும். சோபாக்கள்தான் நடுக்கடலில் இருந்தன.