நம்மூர்ச் சாப்பாடு சரி, எந்த மாசம்?

ராமநாதபுரத்தில் உணவு ஆலோசகராக உட்கார்ந்த புதிதில் வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டுதான் பாடுவேன், நம்மூரில் விளைவதைச் சாப்பிடுங்கள் என்று. பாம்பனிலிருந்து மீன் விற்கும் அம்மா ஒருவர் வந்திருந்தார், சர்க்கரையும் பிரஷரும் உண்டு. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏத்தா, எங்க தெரு மணலுல என்ன கத்தரிக்காயா காய்க்குது?" என்றார்.

நியாயம்தானே. கரையோரம் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீரே உப்பு. உள்ளே தள்ளிப் போனால் வானம் பார்த்த பூமி, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி ஒரு போகம் நெல், அப்புறம் மிளகாய். முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம், ஆனால் மிளகாயைப் பொரியல் வைத்துச் சாப்பிட முடியாதே! காய்கறியில் பெரும்பங்கு வெளியூரிலிருந்து லாரியில்தான் வருகிறது. அதை வாங்கித் தின்பதில் ஒரு தப்பும் இல்லை என்று இப்போது நானே சொல்கிறேன்.

சரி, மீன் இருக்கிறதே? இறாலும் கணவாயும் நண்டும் கரைக்கு வந்ததுமே பெரும்பாலும் கம்பெனி வண்டியில் ஏறிவிடும். நமக்கு மிஞ்சுவது சாளை, சூடை, காரல், நெத்திலி. மிஞ்சுவது என்று சொன்னாலும் நான் அதைத்தான் வாங்குவேன். சாளையில் இதயத்துக்கு நல்ல கொழுப்பு இருக்கிறது, நெத்திலியை முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச் சத்து. விருந்தாளி வந்தால் மட்டும் இதை இலையில் வைக்க நமக்குக் கூச்சம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் வரும், விலையைக் கேட்டால் பையை மடித்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். அப்போது வீட்டுக்கு வீடு கருவாடு. அந்த அம்மா மே மாதம் வந்தபோது பிரஷர் எகிறியிருந்தது, விசாரித்தால் தினமும் கருவாட்டுக் குழம்பாம், தொட்டுக்க ஊறுகாய் வேறு. கருவாடும் நம்மூர்ச் சரக்குதான், ஆனால் அத்தனையும் உப்பு. பிரஷர் உள்ளவர்கள் விட்டுவிடுவதே நல்லது, முடியவில்லை என்றால் எப்போதாவது ஒரு நாள், வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தடவை அலசி, குழம்புக்கு வேறு உப்புப் போடாமல்.

சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியும் இதே கதைதான். பனையில் இறங்கியது என்பதால் சர்க்கரை நோய்க்கு ஆகும் என்று நினைக்கிறார்கள், ஆகாது, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

இன்னொன்று, சூரை மீன் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்று ஒரு பொருள், ஒவ்வாமை மாதிரியே தடிப்பு உண்டாக்குவது, சேரும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து உடம்பு தடித்து வருகிறவர்களில் சிலருக்கு மீன் ஒவ்வாமையே கிடையாது, அன்றைக்கு வாங்கிய மீன்தான் காரணம்.

கடைசியில் அந்த அம்மாவுக்கு எழுதிக்கொடுத்தது இவ்வளவுதான்: கொல்லை முருங்கைக்கீரை, அன்றைக்கு வந்த சாளை, லாரியில் வந்த ஏதாவது ஒரு காய், சோறு அளவாக. சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "இதுக்கா பஸ்ஸுக்குக் காசு குடுத்து வந்தேன்" என்றார்.